உப்பு மணலில் புழுவும் கரியும்

பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில், வீட்டு வாசல் மணலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். குடத்தை நிமிர்த்துவதற்குள் தண்ணீர் இறங்கிவிடும். ஈரத்தின் தடம் மட்டும் மேலே தெரியும். சித்திரை வெயிலில் அதுவும் கொஞ்ச நேரத்தில் வெளுத்துப் போகும். மீஞ்சூர் ஒன்றியத்தின் கடலோர ஊர்களில் நாலு கத்தரி, நாலு மிளகாய் வைக்க நினைக்கிறவர்களுக்கு முதல் தடை இந்த மணல்தான். கூடை கூடையாகச் சாணம் கொண்டுவந்து கொட்டினாலும், ஒரு மழைக்காலம் முடிந்தால் கொட்டிய இடமே தெரியாது.

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. நீரும் சத்தும் அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ள ஏராளமான பரப்பு உண்டு. கடற்கரை மணலின் துகள் பெரியது, இடைவெளியும் பெரியது. நீர் நிற்பதில்லை, நீரில் கரைந்த சத்தும் அதோடு இறங்கிவிடுகிறது. போட்ட எருவும் நீடிப்பதில்லை. மணலுக்குள் காற்று தாராளமாகப் புகுகிறது, வெப்பமும் அதிகம். நுண்ணுயிர்கள் எருவை வேகமாகத் தின்று தீர்த்துவிடுகின்றன. ஆகவே இந்த மண்ணுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, உயிரும் சத்தும் தருவது. இன்னொன்று, அந்தச் சத்து தங்க இடம் தந்து, தானும் மட்கிப் போகாமல் கிடப்பது. மண்புழு உரம் முதலாவது. உயிர்க்கரி, அதாவது பயோசார், இரண்டாவது. தனித்தனியாக இரண்டையும் பற்றி நிறையப் பேசப்படுகிறது. இந்தக் கடலோரத்தில் ஒன்றில்லாமல் மற்றொன்று அரைவேலைதான் செய்யும் என்பதே என் எண்ணம்.

ஆனால் அதற்கும் முன்னால் உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மீஞ்சூரின் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் சென்னைக்கே தாகம் தீர்த்தது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்து வைத்த நீர் அது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறுகள் அமைத்து, 1960களின் இறுதியிலிருந்து நகரத்துக்கும் ஆலைகளுக்கும் இறைத்தார்கள். நன்னீரின் அழுத்தம் குறைந்ததும் கடல்நீர் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே நகர்ந்தது. 1987இல் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. நகரத்துக்குக் குழாயில் தண்ணீர் போயிற்று. இங்கே கிணற்றில் இறங்கிய உப்பு அப்படியே இருக்கிறது. வீட்டுத் தோட்டம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன உரம் போடலாம்?" என்பது அல்ல. "என் தண்ணீரில் எவ்வளவு உப்பு?" என்பதுதான்.

நாக்கில் தெரியாத உப்பும் செடிக்குத் தெரியும். எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கிண்ணங்களில் ஈரத்துணி விரித்து, ஒவ்வொன்றிலும் 20 பச்சைப்பயறு வையுங்கள். ஒன்றுக்கு மழைநீரோ குடிக்கிற தண்ணீரோ தெளியுங்கள், மற்றதற்கு உங்கள் போர் தண்ணீர். பச்சைப்பயறு உப்பைத் தாங்காத பயிர். மூன்று, நான்கு நாளில் முளையின் நீளமே பதில் சொல்லிவிடும். எண்ணிக்கையோடு தெரிந்துகொள்ள வேண்டுமானால் மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வேளாண் அறிவியல் நிலையம் திரூரில் இருக்கிறது. முடிவில் உப்பின் அளவை மின்கடத்து திறனாகத் தருவார்கள். மண் சாற்றில் அது மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உவர் மண் என்று பெயர். பீன்ஸ் போன்றவை அதற்கு வெகு முன்பே வாடத் தொடங்கும்.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம், மண்புழுவுக்கும் உப்பு ஆகாது. அது தோலால் மூச்சு விடும் உயிர். தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். வெளியே உப்பு மிகுந்தால் உடம்பின் நீர் தோல் வழியாகவே வெளியேறும். உப்புத் தண்ணீர் தெளித்த பெட்டியில் புழு ஒரே நாளில் சாகாமல் இருக்கலாம். தின்னாது, பெருகாது, ஓரம் தேடி ஓடப் பார்க்கும். அதனால் புழுப் பெட்டிக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். அரிசி கழுவிய நீர் போதும், உப்புப் போடாததாக இருந்தால்.

*புழு*

தமிழில் மண்புழுவுக்கு நாங்கூழ் என்று பழைய பெயர் உண்டு. மண்புழு நிலத்தை உருவாக்கும் விதத்தைப் பற்றி டார்வின் தம் கடைசிப் புத்தகத்தை 1881இல் வெளியிட்டார். பத்து ஆண்டு கழித்து, 1891இல் வந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தில் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பைப் போற்றும் இடம் வருகிறது. நம் காலத்தில் அந்த வேலையைத் தொடர்ந்தவர் சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில். வெளிநாட்டுப் புழுவைத் தேடிப் போக வேண்டாம், நம் மண்ணின் புழுக்களே போதும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லி, செய்தும் காட்டியவர். மேலாகக் குப்பையைத் தின்னும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், மண்ணுக்குள் வளை தோண்டும் லாம்பிட்டோ மாரிட்டி ஆகிய இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை அவருடையது.

சந்தையில் விற்பது பெரும்பாலும் ஐசெனியா, யூட்ரிலஸ் என்னும் வெளிநாட்டு இனங்கள். வேகமாகத் தின்னும், தவறில்லை. ஆனால் நாட்டுப் புழு இலவசமாகக் கிடைக்கும். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வாழையடியில், பாத்திரம் துலக்கும் இடத்தின் ஓரத்தில் ஈரம் நிற்கும் நிழலைத் தேடுங்கள். மண்ணின் மேல் சிறு சிறு உருண்டையாகக் குவிந்த எச்சம் தெரிந்தால் கீழே புழு இருக்கிறது. சாணமும் வெல்லமும் கரைத்த நீரை அங்கே தெளித்து, வைக்கோல் பரப்பி, ஈரச் சாக்கால் மூடி, காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு வாரத்தில் புழுக்கள் மேலே வந்து கூடியிருக்கும்.

இவற்றை வளர்க்கச் சிமென்ட் தொட்டி கட்ட வேண்டியதில்லை. மீன்பிடி ஊர்களில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நல்ல பொருள் கிடக்கிறது. உடைந்த மீன் ஐஸ் பெட்டி. தெர்மாகோல் வெப்பத்தை உள்ளே விடாது. இங்கே கோடையில் புழுவைக் கொல்வது பசி அல்ல, வெக்கை. 35 டிகிரியைத் தாண்டினால் புழு தாங்காது. பெட்டியை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி உப்பும் மீன் வாடையும் போக்கி, அடியில் ஐந்தாறு துளையிட்டு, உள்ளே கோணிச் சாக்கு விரித்துவிடுங்கள். தெர்மாகோல் உதிர்ந்து உரத்தில் கலக்காமல் இருக்க அந்தச் சாக்கு அவசியம். பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி நிழலில் வையுங்கள். மேலே கிழிந்த வலைத்துண்டைக் கட்டினால் கோழியும் எலியும் கிளறாது.

அடியில் தேங்காய் மட்டை, அதன் மேல் காய்ந்த இலை, அதன் மேல் பத்துப் பதினைந்து நாள் ஆறிய சாணம். பச்சைச் சாணம் சூடேறும், அதில் புழுவை விடக்கூடாது. ஒரு கைப்பிடி தோட்ட மண். பிறகு 200 புழுக்கள். ஒரு வாரம் எதுவும் போடாமல் பழகவிட்டு, அதன் பின் காய்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், டீத்தூள் என்று பொடியாக நறுக்கிப் போடலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். ஒழுகினால் அதிகம், காய்ந்த இலை சேருங்கள். சவுக்குத் தோப்பு ஊசியிலைகளைக் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். அவை மட்க வெகு காலம் எடுக்கும்.

போடக்கூடாதவை மிச்சக் குழம்பு, ஊறுகாய், கருவாட்டுத் தலை, எண்ணெய்ப் பண்டம். எல்லாம் உப்பு. பச்சை மீன் கழிவும் பெட்டிக்குள் வேண்டாம். ஈயும் புழுபூச்சியும் மொய்த்து, நாற்றம் தாங்காமல் பெட்டியையே தூக்கி எறிய வேண்டிவரும். மீன் குடல், செவுள் போன்றவற்றுக்கு வேறு வழி உண்டு. சம எடை வெல்லத்தோடு கலந்து, மூடிய வாளியில் ஒரு மாதத்துக்கு மேல் ஊறவிட்டால் மீன் அமிலம் ஆகிவிடும். ஒரு லிட்டர் நீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம். இறால் ஓட்டை நல்ல நீரில் அலசி, காயவைத்து, இடித்து, சிட்டிகை சிட்டிகையாகப் புழுப் பெட்டியில் சேர்க்கலாம். அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

45 முதல் 60 நாளில் கறுப்பாக, டீத்தூள் போல உதிர்ந்து, மழைக்குப் பிறகான மண் வாசனையோடு உரம் வரும். மூன்று நாள் தண்ணீர் தெளிக்காமல் விட்டு, நிழலில் கோபுரமாகக் குவித்தால் புழுக்கள் அடியில் இறங்கும். மேலிருந்து அள்ளிக்கொள்ளலாம். புழுவின் குடலுக்குள் போய் வந்த பொருளில் சத்து செடி உடனே எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. அதன் கோழை மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. அந்த ஒட்டுதான் மணலுக்கு இல்லாதது.

*கரி*

உயிர்க்கரி என்றதும் புதிய தொழில்நுட்பம் என்று நினைக்க வேண்டாம். நம் பாட்டிமார் அதை வாயில் போட்டுப் பல் துலக்கியிருக்கிறார்கள். உமிக்கரி வேறென்ன? உமியைக் காற்றில்லாமல் கருக்கினால் கரி, காற்றோடு எரித்தால் சாம்பல். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

மரமோ ஓடோ சூடேறும்போது முதலில் நீர் போகும், பிறகு எரியும் வாயுக்கள் வெளிவரும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். வாயு போன பிறகு மிஞ்சும் எலும்புக்கூடு கரி. அதற்கும் காற்றுக் கிடைத்தால் அது எரிந்து சாம்பலாகும். காற்றை மறித்துவிட்டால் நின்றுவிடும். அந்த எலும்புக்கூட்டில் செடி உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய குழாய்களெல்லாம் அப்படியே துளைகளாக நிற்கின்றன. நன்றாகச் சுட்ட மரக்கரி ஒரு கிராமுக்குள் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கும். நீர் தங்கவும் சத்து ஒட்டவும் நுண்ணுயிர் குடியிருக்கவும் மணலில் இல்லாத இடம் இங்கே கிடைக்கிறது. கரியை நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாது என்பதால் அதன் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் இருக்கும்.

இதற்குச் சான்று அமேசான் காட்டில் இருக்கிறது. அங்கே இயல்பான மண் வெளிறிய, சத்தற்ற மண். ஆனால் ஆற்றோரங்களில் திட்டுத்திட்டாகக் கரிய, வளமான மண் கிடக்கிறது. டெர்ரா பிரேட்டா என்று பெயர். தோண்டினால் கரித்துண்டு, பானை ஓடு, மீன் முள். ஐரோப்பியர் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த மக்களின் அடுப்புக் கரியும் சமையல் கழிவும் சேர்ந்து உருவான மண் அது. அதாவது மீன் தின்று வாழ்ந்த ஊர்களின் குப்பைமேடு. பழவேற்காட்டுக்காரர்கள் இதைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டுப் பின்புறத்திலும் அதே மூன்று பொருள்களும் கிடக்கின்றன, சேர்க்கப்படாமல்.

கரிக்கு இங்கே மூலப்பொருள் பஞ்சமில்லை. கொட்டாங்குச்சி, சவுக்கு மிலாறு, பனை மட்டை, எங்கும் மண்டிக்கிடக்கும் வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேலம். கடல் ஒதுக்கிய கட்டையை எடுக்காதீர்கள், அதில் உப்பு ஊறியிருக்கும். பெயின்ட் அடித்த படகுப் பலகை, பைபர் துண்டு, பிளைவுட் எதுவும் கூடாது, எரிந்தால் நச்சு. பழவேற்காடு ஏரிக்கரையின் அலையாத்திச் செடிகளில் கை வைக்கவே கூடாது.

வாய் இரண்டடி அகலமும் அடி ஒடுங்கியும் உள்ள கிண்ணம் போன்ற குழியை ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். மணல் சரியாமல் இருக்க நீர் தெளித்துத் தட்டிவிடுங்கள். அடியில் சுள்ளி வைத்துப் பற்றவையுங்கள். சுள்ளியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். மேல் அடுக்கின் சுவாலை வருகிற காற்றையெல்லாம் தின்றுவிடுவதால் கீழே உள்ளது எரியாமல் கரியாக நிற்கும். இப்படி அடுக்கடுக்காகக் குழி நிறையும்வரை. காய்ந்த விறகாக இருந்தால் புகை மிகக் குறைவு. கடற்காற்று எழுமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள். கூரை வீடுகள் நெருங்கிய இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கு வேறு வழி சொல்கிறேன்.

கடைசியில் அணைப்பதில்தான் கவனம் வேண்டும். நான் முதல் முறை அவசரத்தில் கைக்குக் கிடைத்த கரிப்புத் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். கரி பார்க்க அருமையாக இருந்தது. பாத்தியில் இட்டு வெண்டை போட்டேன். முளைத்த இலைகள் ஓரம் கருகி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. துளையெல்லாம் உப்பை உறிஞ்சி வைத்திருந்தது. ஏரி நீரும் உப்புக் கிணற்று நீரும் கரியைத் தொடக் கூடாது. நல்ல நீர் குறைவென்றால் தகரத்தால் மூடி, ஓரமெல்லாம் ஈர மண் அப்பி, மறுநாள் வரை விட்டுவிடுங்கள்.

நல்ல கரியைக் கீழே போட்டால் கண்ணாடி போலக் கணீரென்று ஒலிக்கும். கையில் பட்ட கறுப்பு வெறும் தண்ணீரிலேயே போய்விட வேண்டும். பிசுபிசுத்தால் தார் இன்னும் இருக்கிறது, மறுபடி சுட வேண்டும்.

நெருப்பு வைக்க இடமில்லாதவர்கள் விறகுத்தொட்டிக்குப் போய்க் கேளுங்கள். இஸ்திரிக்கு விற்கும் மரக்கரி மூட்டையின் அடியில் தங்கும் தூள் அவர்களுக்கு வேண்டாத பொருள், நமக்கு அதுதான் வேண்டும். செங்குன்றம், பொன்னேரிப் பக்கத்து அரிசி ஆலைகளில் கருகிய உமி கிடைக்கலாம். கறுப்பாக இருப்பதை எடுங்கள், சாம்பல் நிறமானதை விடுங்கள். அள்ளும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வல்லூர், அத்திப்பட்டுச் சுற்று வட்டாரத்தில் அனல் மின் நிலையங்களின் சாம்பல் எல்லோருக்கும் பழகிய பொருள். நுண்ணியதாக இருப்பதால் அதைத் தோட்டத்துக்குப் போடலாமா என்று தோன்றலாம். அது உயிர்க்கரி அல்ல. நிலக்கரி எரிந்து முடிந்த சாம்பல். அதில் ஆர்செனிக், ஈயம், பாதரசம் போன்றவை இருக்கக்கூடும். கீரை விளைகிற மண்ணில் அதற்கு இடமில்லை.

*இரண்டும் சேரும்போது*

வெறும் கரியை மண்ணில் இட்டால் முதல் பருவத்தில் செடி மஞ்சளாகலாம். காலித் துளைகள் மண்ணில் இருக்கிற கொஞ்சத் தழைச்சத்தையும் தமக்குள் இழுத்துக்கொள்ளும். கரியைப் பழித்துக் கைவிட்டவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டாதவர்கள். கரி ஒரு காலி வீடு. குடித்தனம் வைத்துவிட்டுத்தான் மண்ணுக்கு அனுப்ப வேண்டும்.

கரியைச் சாக்கில் கட்டிப் பயறு அளவுக்கு உடைத்து, ஒரு நாள் நல்ல நீரில் ஊறவையுங்கள். காய்ந்த கரி புழுவின் தோலீரத்தை உறிஞ்சும், அதனால் புழு அதை விட்டு விலகும். நனைந்த கரி என்றால் உள்ளே போய்வரும். ஊறியதைப் புழுப் பெட்டியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கலந்துவிடலாம். வாடையும் குறையும், ஈரமும் சீராக இருக்கும். அல்லது அறுவடை செய்த உரத்தோடு ஒரு பங்கு கரி, இரண்டு பங்கு உரம் என்று கலந்து, ஈரச் சாக்கு மூடி மூன்று வாரம் நிழலில் வைக்கலாம். புழுப் பெட்டியின் அடியில் வடியும் நீரை அதன் மேலேயே தெளிக்கலாம்.

ஒரு சதுர மீட்டர் பாத்திக்குக் கரி ஒன்று முதல் இரண்டு கிலோ, ஒரே ஒரு முறை. மேல் அரையடி மண்ணில் கலக்க வேண்டும். புழு உரம் மட்டும் பருவத்துக்குப் பருவம் இரண்டு மூன்று கிலோ. 10 லிட்டர் தொட்டி என்றால் கரி ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். கரி காரத்தன்மை உடையது. கடலோர மண் ஏற்கெனவே காரமாக இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். அடுப்புச் சாம்பலையும் அதோடு சேர்த்துக் கொட்ட வேண்டாம்.

கரியும் புழு உரமும் உப்பை நீக்காது. உப்பைக் கீழே இறக்குவது நன்னீர் மட்டுமே. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் உப்பேறிய வயல்களை மீட்டபோதும் மழைநீரும் தக்கைப்பூண்டும் இயற்கை எருவும் சேர்ந்துதான் வேலை செய்தன. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அந்த ஊர்களில் நின்று அதைச் செய்துகாட்டினார். நமக்கு அந்த நன்னீரை வடகிழக்குப் பருவமழை தருகிறது. ஆகவே நாள்காட்டியை மழையைச் சுற்றி அமைத்துக்கொள்வது நல்லது.

ஆடியில் புழுப் பெட்டி தொடங்குங்கள். புரட்டாசிக்குள் கரி சுட்டு வைத்து, மூட்டையாகக் கட்டி ஐப்பசி மழையில் வெளியே போட்டுவிடுங்கள். சாம்பல் உப்பு கழுவிப் போகும். பாத்தியை மட்டும் அப்போதே அரையடி மேடாகப் போட்டு, வெறுமனே மழையில் நனையவிடுங்கள். உரத்தை அப்போது இட்டால் உப்போடு உரமும் போய்விடும். புழுப் பெட்டியைத் திண்ணைக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். கூரை நீரை டிரம்மில் பிடியுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். அந்தக் குழாயிலிருந்து ஒரு கிளை டிரம்முக்குத் திரும்பினால் கோடைக்குப் புழுவுக்குக் கவலையில்லை. கார்த்திகையில் கரியையும் உரத்தையும் கலந்து மூடி வையுங்கள். மார்கழி பிற்பகுதியில் மழை ஓய்ந்ததும் பாத்தியில் கலந்து, தைப்பட்டத்துக்கு விதையுங்கள்.

முதலில் தண்டுக்கீரை போடுங்கள். ஓரளவு உப்பைப் பொறுக்கும், ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். வேரோடு பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். மயிர்வேர்கள் கரித்துண்டுகளைச் சுற்றிப் பின்னி, உதறினாலும் விழாமல் பிடித்திருக்கும். அந்தத் துண்டுகளைக் கையால் உருவிப் பாத்தியிலேயே போட்டுவிட்டு, வேரைப் புழுப் பெட்டிக்குக் கொடுங்கள்.